கேரவன் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சாத்து: ஒரு சொல் விளக்கம்

கேரவன் என்றதும் இன்று நம் மனதில் வந்து நிற்பது படப்பிடிப்புத் தளத்து ஏசி வண்டி. நடிகர் ஒருவர் மட்டும் உள்ளே இருப்பார், மற்ற எல்லோரும் வெளியே காத்திருப்பார்கள். மூலச்சொல்லைப் பார்த்தால் இது வேடிக்கைதான். பாரசீக மொழியில் 'கார்வான்' என்றால் நெடுவழிப் பயணத்துக்காகப் பலர் ஒன்றுசேர்ந்த கூட்டம். தனியாள் கார்வானாக முடியாது. ஐரோப்பிய மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், அங்கே மூடிய வண்டியையும் குறிக்கத் தொடங்கியது. பிறகு முன்பாதி கழன்று 'வேன்' ஆயிற்று. பள்ளிக்கூட வேனுக்கும் பாலைவன வணிகருக்கும் உள்ள உறவு இதுதான்.

அரபியிலும் இதே கதை நடந்திருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு 'சய்யாரா' என்றால் கார். குர்ஆனில் யூசுப் நபியைக் கிணற்றிலிருந்து எடுத்த பயணக் கூட்டத்துக்கும் அதே பெயர்தான் (12:19). அதே அத்தியாயத்தின் 70ஆம் வசனத்தில் வருவது 'ஈர்' என்ற வேறு சொல். சுமையேற்றிய ஒட்டகங்களோடு போகும் கூட்டம் என்று பொருள். தமிழ் மொழிபெயர்ப்பில் அது 'ஒட்டகக் கூட்டத்தார்' ஆனது. பரவலாக வழங்கும் மூன்றாவது சொல் 'காஃபிலா'. அதன் வேர் 'திரும்பி வருதல்' என்ற பொருள் தருவது. புறப்படும் கூட்டத்தையே 'திரும்புவோர்' என்று அழைத்தது நற்சகுனத்துக்காக என்பார்கள் அரபு அகராதிக்காரர்கள். வாசலில் நின்று 'போறேன்' என்னாமல் 'போயிட்டு வரேன்' என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திரும்பி வருவது அவ்வளவு பெரிய விஷயமா என்றால், சஹாராவில் பெரிய விஷயம்தான். 1352இல் மொராக்கோவின் தென் விளிம்பில் உள்ள சிஜில்மாசாவிலிருந்து மாலி நாட்டுக்குப் புறப்பட்ட மொராக்கோப் பயணி இப்னு பதூதா அந்தப் பயணத்தைப் படிப்படியாகச் சொல்கிறார். 25 நாளில் உப்புச் சுரங்க ஊரான தகாஸா. அங்கே வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளத்தால் கட்டியவை, கூரை ஒட்டகத் தோல். அதற்கு அப்பால் 10 நாள் வழியில் பொதுவாகத் தண்ணீர் கிடையாது. அடுத்த நீர்நிலையான தாஸரஹ்லாவில் மூன்று நாள் தங்கல். இந்தத் தங்கல் ஓய்வுக்கு மட்டுமல்ல. தோல் துருத்திகளின் கிழிசலைத் தைத்து, நீர் நிரப்பி, மேலே முரட்டுத் துணியைச் சுற்றித் தைப்பார்கள். வெறும் தோலாக விட்டால் வெங்காற்று தோலின் வழியாகவே நீரை உறிஞ்சிவிடும்.

அங்கிருந்து 'தக்ஷீஃப்' என்ற முன்தூதர் பாலைவனத்தின் தென் விளிம்பு ஊரான வலாதாவுக்குத் தனியாக அனுப்பப்படுவார். அவர் மஸ்ஸூஃபா என்ற பாலைவன இனத்தவர். அவர் கையில் வணிகர்களின் கடிதங்கள் இருக்கும்: வீடு பிடித்து வையுங்கள், நான்கு நாள் தொலைவுக்குத் தண்ணீரோடு எதிர்கொண்டு வாருங்கள். அவர் வழியில் இறந்துபோனால் வலாதாவுக்குச் செய்தி போகாது, தண்ணீரும் வராது, பின்னால் வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் மாண்டுபோவார்கள். இப்னு பதூதாவின் கூட்டம் தன் தூதருக்குக் கொடுத்த கூலி 100 மித்கால் பொன், ஏறத்தாழ 425 கிராம். கூட்டத்துக்கு வழிகாட்டியவருக்கோ ஒரு கண் இல்லை, மற்றதிலும் நோய். ஆனாலும் அவரைவிடப் பாதை தெரிந்தவர் கிடையாது.

அதே பயணத்தில் ஒருவர் மாமன் மகனோடு வாய்த்தகராறு செய்துகொண்டு பின்தங்கினார், காணாமல் போனார். அதுவரை மேய்ச்சலுக்காகக் கூட்டத்துக்கு முன்னே போய்க்கொண்டிருந்த இப்னு பதூதா, அதன் பிறகு முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

இதையெல்லாம் 'ஒட்டகக் கூட்டம்' என்ற பெயர் காட்டுமா? அது விலங்கைத்தான் காட்டுகிறது. தலைமை, கூலி, கடிதம், பங்கு ஆகியவற்றால் பிணைந்த மனிதக் கூட்டத்துக்குத் தமிழில் 'சாத்து' என்ற சொல் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதி சுமந்த 'கழுதைச் சாத்து' செல்லும் பெருவழியைச் சொல்கிறது. அது 'உல்குடைப் பெருவழி', அதாவது சுங்கம் வாங்கும் சாலை. வில்வீரர் காவலும் உண்டு. கோவலனின் தந்தை பெயரான மாசாத்துவானை 'பெருஞ்சாத்தின் தலைவன்' என்று விளக்குவது மரபு. தூய தமிழ்ச்சொல்லா என்று கேட்பவர்களுக்கு: வடமொழி 'சார்த்த', பிராகிருத 'சத்த' என்பதன் வழி வந்தது என்பதே அகராதி முடிவு. சங்கப் பாட்டிலேயே குடியேறிவிட்ட சொல்லை இனி யார் வெளியேற்றுவது?

கழுதையும் சுங்கமும் ஆப்பிரிக்காவிலும் சேர்ந்தே வருகின்றன. உள்ளே வரும் ஒவ்வொரு கழுதைச் சுமை உப்புக்கும் கானா (இன்றைய கானா நாடு அல்ல, மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய பேரரசு) அரசர் ஒரு தீனார் பொற்காசு வாங்கினார், வெளியே போகும்போது இரண்டு என்று 1068இல் எழுதினார் அரபுப் புவியியலாளர் அல்பக்ரி. அந்தத் தலைநகர் இரட்டை ஊர். ஒன்றில் முஸ்லிம்கள், 12 பள்ளிவாசல்கள், சம்பளம் பெறும் இமாம்கள். மற்றதில் அரசரும் பழைய சமயத்தின் புனிதத் தோப்புகளும். அரசர் முஸ்லிம் அல்ல, ஆனால் மொழிபெயர்ப்பாளர்களும் கருவூலக்காரரும் அமைச்சர்களில் பெரும்பாலோரும் முஸ்லிம்கள்.

1050களில் அல்முராபித்துகள் என்ற பெர்பெர் இஸ்லாமிய இயக்கத்தினர் சிஜில்மாசாவையும், சஹாராவின் தென் விளிம்பு வணிக ஊரான அவ்தகோஸ்தையும் படையால் பிடித்தது உண்மை. என்றாலும் அதற்கு முன்பே சாத்து வழியாக இஸ்லாம் வந்து குடியிருந்தது. வணிகத்துக்கு அது பொதுச் சட்டம் தந்தது. 'கிராத்' ஒப்பந்தத்தில் ஒருவர் முதல் போடுவார், மற்றவர் பயணம் செய்து விற்பார். லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். தவறு இல்லாமல் நட்டம் வந்தால் பணம் முதலாளிக்குப் போச்சு, உழைப்பு பயணிக்குப் போச்சு. இரண்டு மாதத் தொலைவில் இருப்பவரோடு இப்படித் தொழில் செய்ய, இருவருக்கும் ஒரே எழுத்தும் ஒரே காஜியும் (இஸ்லாமியச் சட்ட நீதிபதி) வேண்டும். அவ்தகோஸ்த் வணிகர் சிஜில்மாசாக்காரருக்குத் தரவேண்டிய 42,000 தீனார் கடன் பத்திரத்தைப் பார்த்ததாக 10ஆம் நூற்றாண்டில் அரபுப் பயணி இப்னு ஹவ்கல் எழுதியிருக்கிறார். வழிபாடும் பயணத்துக்கு ஒத்துவந்தது: தொழுகையின் நான்கு சுற்று (ரக்அத்) இரண்டாகச் சுருங்கும் (கஸ்ர்), தண்ணீர் இல்லாவிட்டால் மண்ணால் தூய்மை செய்துகொள்ளலாம் (தயம்மும்). அரச குடும்பங்களும் மதம் மாறியபின், நைஜர் ஆற்றங்கரை ஊரான காவோவுக்கு அருகே 1100ஐ ஒட்டி நடப்பட்ட அரச கல்லறைக் கற்கள் ஸ்பெயினின் அல்மேரியாவில் செதுக்கிய பளிங்கு. பாலைவனம் முழுவதும் சுமந்து வந்திருக்கிறார்கள்.

எழுதும்போது கவனிக்க: தனியே 'சாத்து' என்றால் சாமிக்கு மாலை சாத்துவதும், 'நாலு சாத்து சாத்துவதும்' குறுக்கே வரும். முதல் தடவை 'வணிகச் சாத்து' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கலாம். சாத்துத் தலைவர், உப்புச் சாத்து, சாத்துவழி என்று கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வரும். ஹஜ்ஜுக்குப் போகும் கூட்டத்துக்கு இது வேண்டாம், சாத்தில் வணிக வாடை உண்டு. 'ஹஜ் பயணக் கூட்டம்' போதும். ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் போன்றவை வணிகக் குழுக்கள், அவற்றைச் சாத்து என்று மாற்றி எழுதுவது பிழை. குழு நிலையானது, சாத்து ஊர் சேர்ந்ததும் கலைந்துவிடும்.

கார்வானோடு 'சராய்' சேர்ந்தால் சாத்து தங்கும் விடுதி: ஒரே பெரிய வாசல், நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள். இதைச் 'சத்திரம்' என்றால் அன்னதான நினைவு வந்துவிடுகிறது. தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழித் தொலைவுக் கல்லில் 'நாவல் தாவளம்' என்று ஒரு தங்கலிடத்தின் பெயர் இருக்கிறது. கேரவன்சராய்க்குச் 'சாத்துத் தாவளம்' என்று எழுதலாம்.