உறைந்தும் சாகாத மரம்

கனடாவின் கிழக்கே, கியூபெக்–லாப்ரடார் தீபகற்பத்தில் வாழும் இன்னு பழங்குடியினர் தங்கள் நிலத்தை நிதாசினான் என்கிறார்கள். அவர்கள் மொழியில் பெயர்ச்சொற்கள் இரண்டே வகை: உயிருள்ளவை, உயிரற்றவை. 'மிஷ்டுக்' என்ற சொல்லை உயிருள்ளதாகச் சொன்னால் மரம். உயிரற்றதாகச் சொன்னால் குச்சி, கட்டை. நமக்கோ இரண்டுமே அஃறிணைதான்.

குளிர்காலக் காட்டில் நிற்கும் ஒரு இன்னு குழந்தைக்கு இந்த இலக்கணத்தில் சந்தேகம் வந்தால் தப்பில்லை. உள்நாட்டில் குளிர் -40 பாகை செல்சியஸைத் தொடுவதுண்டு. மரங்கள் கல்லாக இறுகி நிற்கும். சில இரவுகளில் தண்டு பிளந்து, துப்பாக்கி வெடித்ததுபோலச் சத்தம் கேட்கும். இதற்கெல்லாம் உயிர் இருக்கிறதா?

இருக்கிறது. செல்லுக்குள் பனிக்கட்டி உண்டானால் சவ்வு கிழிந்துவிடும், அப்புறம் பிழைக்க வழியில்லை. அதனால் கருப்பு ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களில் செல்களுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துக்கொள்ளும். செல் வற்றிச் சுருங்கும். உள்ளே மிஞ்சுவது சர்க்கரை மிகுந்த கெட்டிச் சாறு. பாகு லேசில் உறையாதே! கொட்டும் பனிக்கு நடுவே மரம் தாங்குவது, பார்க்கப்போனால், கடும் வறட்சியைத்தான்.

இதற்கான ஏற்பாடு கோடை முடியும்போதே தொடங்கிவிடுகிறது. பகல் குறுகக் குறுக மரம் வளர்ச்சியை நிறுத்தும்; சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதே மரத்தின் ஜூலைத் தளிருக்கு லேசான உறைபனியே எமன்.

தண்டில் இன்னொரு தொல்லை உண்டு. நீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழாகப் பிரியும். வசந்தத்தில் பனி உருகும்போது குமிழ் பெரிதாகிவிட்டால் நீரேற்றம் தடைபடும். ஊசியிலை மரங்களின் நீர்க்குழல்கள் மிகக் குறுகலானவை. குமிழும் சிறிதாகவே இருப்பதால் மறுபடி கரைந்துவிடுகிறது. இந்தக் காட்டில் டாமராக் என்ற மரம் மட்டும் ஊசியிலை மரமாக இருந்தும், இலையுதிர்காலத்தில் பொன்னிறமாகி எல்லா இலையையும் உதிர்த்துவிட்டு நிற்கும்.

கருப்பு ஸ்ப்ரூஸ் பனியின் பாரத்தைக்கூட வீணாக்குவதில்லை. அழுந்தித் தரையில் படிந்த கீழ்க்கிளை பாசிக்குள் புதைந்து, வேர்விட்டுத் தனி மரமாகிறது.

1960-இல் ஜப்பானிய ஆய்வாளர் அகிரா சகாய், குளிருக்குப் பழகிய மரக்குச்சிகளை முதலில் மெதுவாகக் குளிர்வித்து, பிறகு -196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜனில் போட்டார். எடுத்த பிறகும் அவை உயிரோடிருந்தன. இன்னு இலக்கணம் அந்தக் குச்சிகளை எந்த வகையில் சேர்க்குமோ!