கேட்காமலே பொறுக்கும் வித்தை

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சங்கத்தில பத்து வருச வெங்காயக் கொள்வனவுக் கணக்கு இருக்கு. பழைய தரவுத்தளத்தில ஒரு கூட்டுத்தொகை எடுக்கத் தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம். அதே மடிக்கணினியில டக்டிபி எண்ட தரவுத்தள மென்பொருளைப் போட்டால் உடனே வருது. எப்பிடி அண்ணை?"

பாடசாலையில் தாயம் (மேட்ரிக்ஸ்) படித்தபோது கிடையாக ஓடும் நிரை, மேலிருந்து கீழே ஓடும் நிரல் பார்த்திருப்பீர்கள். பழைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் நிரை நிரையாகச் சேமிக்கும். விலையைக் கூட்டவும் பெயர், முகவரி எல்லாவற்றையும் தாண்டிப் போகவேண்டும். டக்டிபி நிரல் நிரலாகச் சேமிக்கிறது. விலை நிரலை மட்டும், 2048 பெறுமதிகள் கொண்ட கட்டுகளாக எடுக்கும். கட்டு, கணினியின் செயலியான சிபியுவின் பதுக்கு நினைவகத்துக்குள், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்துக்குள், அடங்கிவிடும். அந்தக் கட்டைத்தான் வெக்டர் என்கிறார்கள், நம் கணித பாடத்துக் 'காவி'.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கிலோ 300 ரூபாவுக்கு மேல் போன நாட்களைப் பொறுக்கவேண்டும். ஒவ்வொரு விலையிலும் "300ஐத் தாண்டியதா?" என்று கேட்டால், சிபியு பதிலுக்குக் காத்திராது, ஊகித்துக்கொண்டு முன்னே ஓடும். ஊகம் பிழைத்தால் செய்த வேலையை எறிந்துவிட்டுத் திரும்பவேண்டும், சுமார் 15 முதல் 20 சுழற்சிகள் (செயலிக் கடிகாரத்தின் துடிப்புகள்) வீண். வெங்காய விலையை யாரால் ஊகிக்க முடியும்?

அதனால் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். எல்லா நாளின் வரிசை எண்ணையும் பட்டியலில் எழுது. ஒப்பீட்டின் விடையை, 1 அல்லது 0, எழுதும் இடத்தோடு கூட்டு. அவ்வளவுதான். விலைகள் 320, 250, 180, 410 என்று வைப்போம். பட்டியலின் முதல் கட்டத்தில் 1 எழுதி அடுத்த கட்டத்துக்கு நகர்கிறோம். இரண்டாம் கட்டத்தில் 2 எழுதுகிறோம், நகரவில்லை. அதன் மேலேயே 3, அதன் மேலேயே 4. இப்போது நகர்கிறோம். மிஞ்சியது 1, 4. தகுதியில்லாதவை தாமாக அழிந்துபோயின!

இதோடு, ஒரே அடியில் பல எண்களைக் கையாளும் எஸ்ஐஎம்டி கட்டளைகளும் சேர்கின்றன: செயலி எண்களை வைத்து வேலை செய்யும் 256 பிட் பதிவகத்தில் எட்டு 32 பிட் எண்களை ஒரே கட்டளையில் ஒப்பிடலாம். 512 பிட் பதிவகம் கொண்ட ஏவிஎக்ஸ்-512 வகை என்றால் பதினாறு.

கட்டுக் கட்டாகக் கணிக்கும் இந்த வழியை 2005இல் மொனெட்டிபி/எக்ஸ்100 ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தவர்கள் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ என்ற கணித, கணினியியல் ஆய்வு நிலையத்தார். டக்டிபியும் அங்கே பிறந்ததுதான். பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு சுன்னாகம் வரை இலவசமாக வந்திருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களுக்கும் அப்படிப் பொறுமையான நிதி வேண்டும் என்பேன்.

வாசகருக்கு ஒன்று: ஒவ்வொரு பற்றுச்சீட்டாகப் பதிவதற்குப் பழைய தரவுத்தளமே பொருத்தம். அதை அழித்துவிடாதீர்கள், கணக்குப் பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.