கடையில் ஊறுகாய் வைக்க உணவுப் பதிவுக்கு 100 ரூபாய் போதும், ஆனால் வகையைச் சரியாகப் போடுங்கள்

எங்கள் தெருவில் ஓர் அக்கா பூண்டு ஊறுகாய் போடுவார். சூப்பர் மார்க்கெட்டில் வைக்க ஆசைப்பட்டு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் வாங்க ஓர் ஏஜென்டிடம் 3,500 ரூபாய் கொடுத்தார். சான்றிதழும் வந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இறக்கி வைத்த இரண்டு பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். தொழில் வகை என்ற இடத்தில் 'சில்லறை விற்பனை' என்று இருந்தது. அதை வைத்து ஊறுகாய் வாங்கி விற்கலாம். போட்டு விற்க முடியாது.

அரசுக்குக் கட்ட வேண்டியது ஆண்டுக்கு 100 ரூபாய்தான்.

2011 விதிமுறைப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் என்றால் உரிமம் வேண்டாம், பதிவு போதும். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பம் போடலாம். போட்டோவும் அடையாள அட்டையும் வேண்டும். முகவரி என்பது நீங்கள் சமைக்கும் இடம். ஆதாரில் பழைய வீட்டு முகவரி இருந்தால் இப்போதைய வீட்டுக்கான ஆதாரத்தைத் தனியாகக் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை முதலிலேயே எடுத்து வையுங்கள். தொழில் வகையில் 'தயாரிப்பாளர்' என்று போடுங்கள். ஊறுகாயோடு மசாலாப் பொடியும் செய்தால் இரண்டையும் விண்ணப்பத்தில் சேருங்கள்.

ஏஜென்டிடமே கொடுத்தாலும் செல்போன் நம்பர், இமெயில் இரண்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அவர் தன்னுடையதைப் போட்டுவிட்டால் ஓடிபி, புதுப்பிக்கும் தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும். அப்புறம் ஒவ்வொரு முறையும் அவர் கேட்கிற தொகைதான்.

விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக நோட்டீஸ் தர வேண்டும். மூன்றும் நடக்கவில்லை என்றால் தொழிலைத் தொடங்கலாம் என்று விதியே சொல்கிறது. 'சார் மீட்டிங்ல இருக்கார், அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பினால், விண்ணப்ப எண்ணையும் தேதியையும் எழுதி உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கு மனு கொடுங்கள். மனு வாங்கியதற்குக் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.

வரும் எண்ணில் 14 இலக்கம் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவு என்றால் 224 என்று தொடங்கும், மாநில உரிமம் என்றால் 124. வேறொருவரின் எண்ணை 'கொஞ்ச நாளைக்கு' லேபிளில் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பொட்டலம் போட்டு விற்பவர் எடையளவுச் சட்டத்திலும் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 500 ரூபாய், பொட்டலம் போடத் தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, உங்கள் முகவரி எதுவும் லேபிளில் விடுபடக் கூடாது. பச்சைப் புள்ளியும் சேர்மானப் பட்டியலும் உணவுச் சட்டம் கேட்பவை. அச்சகத்தில் 1,000 லேபிள் அடிப்பதற்கு முன் ஒன்றே ஒன்று அடித்து, கடைக்காரரிடமே காட்டுங்கள்.

பார்கோடு சட்டக் கட்டாயம் இல்லை. பெரிய கடைகள் பில் போடுவதற்காகக் கேட்கின்றன. அண்ணாச்சி கடையில் தொடங்குபவர் இப்போதே அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.