மருந்தை எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள்: நாவாய்ப்பூச்சியும் அதன் குஞ்சுகளும்

"மேடம், மருந்து அடிச்சாச்சு. இது என்ன பூச்சின்னு மட்டும் சொல்லுங்க." இந்த வரியோடு வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கேள்வி முதலில் வரவேண்டும், மருந்து அப்புறம். கடைசியாக வந்தது அரியாங்குப்பத்தில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் ஒரு அம்மாவிடமிருந்து. தக்காளி இலையின் அடியில் ஆரஞ்சும் கருநீலமுமாக மிளகு அளவுப் பூச்சிகள், எல்லாம் கால் மடங்கிச் செத்துக் கிடக்கின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் புரோடீனியா என்கிற, இலை தின்னும் புழு ஒன்று பாதி வற்றிப்போய்த் தொங்குகிறது. அந்தப் புழுவை உறிஞ்சிக்கொண்டிருந்ததே இந்தப் பூச்சிகள்தான்! யூகாந்திகோனா என்கிற, புழு தின்னும் நாவாய்ப்பூச்சியின் குஞ்சுகள் அவை. இப்போது அந்தத் தக்காளியில் புழு தாங்கவில்லையாம், அதற்கு ஒரு மருந்து கேட்கிறார்.

பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் வேலை. புதுச்சேரி, கடலூர் பக்கம் மாடித்தோட்டமும் கொல்லைத் தோட்டமும் பெருகியதிலிருந்து எனக்கு வரும் படங்களில் நாவாய்ப்பூச்சிகளுக்குக் குறைவே இல்லை. முதுகில் கேடயம் போல முக்கோணத் தகடு உள்ள பூச்சி என்றால் உங்களுக்கே தெரியும். நசுக்கினால் நாறும், அதனால் பலர் நாத்தப்பூச்சி என்றே சொல்கிறார்கள்.

இதில் என்னை அதிகம் வாட்டுவது ஒரே ஒரு தப்பெண்ணம்: பெரிய பூச்சி ஒரு ஜாதி, பக்கத்தில் இருக்கும் வண்ணப் பொடிப் பூச்சிகள் வேறொரு ஜாதி, அதுவும் விஷப்பூச்சி என்று நினைப்பது. இல்லை. அவை குஞ்சுகள். நாவாய்ப்பூச்சி புழுவாகப் பிறந்து கூட்டுக்குள் போய் மாறி வருவதில்லை. முட்டையிலிருந்து வரும்போதே ஆறு காலோடு, உருண்டையாக, இறக்கை இல்லாமல் வருகிறது. ஐந்து முறை தோல் உரிக்கிறது. ஒவ்வொரு உரிப்புக்கும் நிறமும் புள்ளியும் மாறுகின்றன. பச்சை நாவாய்ப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்தது முழுப்பச்சை. குஞ்சு முதலில் ஆரஞ்சு, அப்புறம் கறுப்பு, அப்புறம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி, கடைசியில் பச்சையில் வெள்ளையும் ரோஜா நிறமும் கலந்த புள்ளிகள். ஒரே செடியில் இந்த எல்லாப் பருவமும் சேர்ந்து இருந்தால் நாலு வகைப் பூச்சி தாக்கிவிட்டது என்று நாலு மருந்து வாங்கிவிடுகிறீர்கள். தோல் உரித்த கொஞ்ச நேரத்துக்கு வெளுத்தோ சிவந்தோ இருக்கும், அதையும் புது ஜாதி என்று அனுப்புகிறவர்கள் உண்டு. தோள் பக்கம் பாருங்கள். கடைசிப் பருவத்தில் சின்ன மடல் போல இறக்கை மொட்டு தெரியும். அது தெரிந்தால் குஞ்சுதான், சந்தேகமே வேண்டாம்.

நல்லதா கெட்டதா என்று மேலிருந்து எடுத்த படத்தை வைத்து நிறைய நேரம் என்னால் சொல்ல முடியாது. பக்கவாட்டில் எடுங்கள். தலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் ஊசி போன்ற வாயைப் பார்க்க வேண்டும். சாறு உறிஞ்சுகிறவற்றுக்கு அது மெல்லியதாக வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். புழு தின்பவற்றுக்குத் தடிமனாக இருக்கும், முன்னால் நீட்டிக் குத்தும். வளர்ந்த யூகாந்திகோனாவின் தோள்கள் இரண்டும் முள்ளாகக் கூர்ந்திருக்கும், அதுவும் ஒரு அடையாளம். காட்டாமணக்கில் மின்னும் பச்சை நிறப் பூச்சி இருந்தால் பொன்வண்டு என்று முடிவு கட்டாதீர்கள். வண்டுக்கு முதுகின் நடுவே நேர்கோடு இருக்கும். இந்த நாவாய்ப்பூச்சிக்கு இருக்காது, கேடயமே முதுகு முழுவதையும் மூடியிருக்கும்.

படம் எடுக்கக் காலை நேரம்தான் சரி. பூச்சி மந்தமாக இருக்கும், கடல்காற்று எழும்பிவிட்டால் இலை நிற்காது. செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். உங்கள் நிழல் மேலே விழுந்தால் பூச்சி தண்டின் மறுபக்கம் நழுவிவிடும், அதனால் கொஞ்சம் பொறுத்து, மெல்லப் பக்கத்தில் போங்கள். ஃபிளாஷ் நேராக அடித்தால் அதன் முதுகு வெறும் வெள்ளைப் பளபளப்பாக விழும், ஒரு டிரேசிங் பேப்பரை முன்னால் பிடித்தால் சரியாகிவிடும். அசையாமல் இருக்கட்டும் என்று பிடித்து ஃபிரிட்ஜில் வைக்கிறார்களாம். தயவுசெய்து வேண்டாம். தோல் உரித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்குவதைத் தொடவே கூடாது.

இலையைப் பறித்துக்கொண்டு வந்தும் படம் எடுக்காதீர்கள், முட்டையும் குஞ்சும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மழை முடிந்து தை மாதத்தில் அவரைக் கொடியில் மொய்க்குமே, உருண்டையான பழுப்பு நாவாய்ப்பூச்சி, அதன் முட்டைகளைக் கிட்டப் பாருங்கள். இரண்டு வரிசையாக இருக்கும். அடியில் பழுப்பாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் இருக்கும். அழுக்கு இல்லை அது. தாய் தன் குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பொரிந்த குஞ்சு முதலில் உறிஞ்சுவது அதைத்தான், அது கிடைக்காத குஞ்சு தேறுவது கஷ்டம். வேறு பல நாவாய்ப்பூச்சிகள் தங்கள் குடல் நுண்ணுயிர்களை முட்டையின் மேலேயே பூசிவிடுகின்றன. பொரிந்த குஞ்சுகள் உடனே கலைந்து போகாமல் காலி முட்டைகளைச் சுற்றியே கூடி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவரையில் இருப்பது தொல்லை செய்யும் பூச்சிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யூகாந்திகோனா குஞ்சுகளும் இப்படித்தான் கூடி நிற்கும், கூட்டத்தைக் கண்டதும் தெளிப்பானைத் தூக்கினால் தோற்பது நீங்கள்தான்.

குழந்தைகளோடு சேர்ந்து பூச்சியைப் படம் எடுப்பவர்களுக்கு ஒன்று: நாவாய்ப்பூச்சி பீய்ச்சும் திரவம் விரலில் கறை பிடிக்கும், பச்சைக் கொத்தமல்லி வாடையும் வரும், அந்தத் திரவம், கொத்தமல்லி இரண்டிலும் ஆல்டிஹைடுகள் என்கிற வாடை தரும் வேதிப்பொருட்கள் உண்டு. விரலைக் கழுவுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், கண்ணில் பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். எரிச்சல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

சரி, உண்மையிலேயே சாறு உறிஞ்சும் பூச்சிதான், காய் சுருங்குகிறது, என்ன செய்வது? வீட்டுத் தோட்டத்துக்குப் புரோபெனோபாஸ் மாதிரி பூச்சிமருந்து எதற்கு? விடியற்காலையில் செடியைச் சோப்புத் தண்ணீர் வாளியின் மேல் சாய்த்து உதறுங்கள், பாதிக்கு மேல் விழுந்துவிடும். பச்சை நாவாய்ப்பூச்சியின் முட்டைக் கூட்டத்தை இலையோடு நசுக்கலாம், ஆனால் அதற்கு முன் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போனால் குஞ்சு வரப்போகிறது. கறுத்திருந்தால் உள்ளே வளர்வது நாவாய்ப்பூச்சி இல்லை, கொசுவை விடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவி. நாவாய்க் குஞ்சு மூடியைத் திறந்து வெளியே வரும், குளவி ஒழுங்கில்லாத ஓட்டை போட்டு வெளியே வரும், படத்திலேயே வித்தியாசம் தெரியும். நீங்கள் அடிக்கும் மருந்தில் முதலில் சாவது இந்தக் குளவிதான். கறுத்த முட்டை உள்ள இலையைச் செடியிலேயே விட்டுவிடுங்கள், மற்றதற்குப் பக்கவாட்டுப் படமும் செடியின் பெயரும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.