ஃப்ரீசரில் நான்கு பாட்டில் தண்ணீர்

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டிக் கடலில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் குடியிருப்பில் விடியும் முன்பே கரண்ட் போய்விட்டது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தெருவே ஏரியாகிக் கிடந்தது. தண்ணீர் வடியாமல் மின்சாரம் கொடுப்பது ஆபத்து. எங்களுக்குத் திரும்பி வந்தது புதன்கிழமை இரவுதான். இடையில் ஒரு பாக்கெட் பால் கிடைப்பதே பெரும்பாடு.

மூன்றாம் மாடியில் ஒரே ஒரு படுக்கையறை கொண்ட வீடு எங்களுடையது. இன்வெர்ட்டர் வாங்க வசதியும் இல்லை, வைக்க இடமும் இல்லை. ஆனாலும் முந்தின நாள் வாங்கிய இரண்டு பாக்கெட் பாலும் அன்றிரவு எட்டு மணிக்குக் குளிர்ச்சியாகவே இருந்தன. காய்ச்சி மூடிவைத்து, காலையில் மறுபடி கொதிக்கவிட்டுக் காபி போட்டோம். காப்பாற்றியது ஃப்ரீசரில் உறைந்திருந்த நான்கு லிட்டர் தண்ணீர், காலி பாட்டில்களில்.

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது செய்வது இறைக்கிற வேலை. ஓட்டைப் படகில் கசிகிற தண்ணீரை ஒருவர் விடாமல் அள்ளிக் கொட்டுவதுபோல, சுவர் வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் உள்ளே கசிகிற வெப்பத்தைக் கம்ப்ரஸர் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போனால் இறைப்பது நின்றுவிடும், கசிவு நிற்காது. கதவைத் திறக்காமல் விட்டாலும், கீழ்ப் பகுதி ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் தாங்கும்.

ஐஸ் உள்ளே இருந்தால் கதை மாறுகிறது. ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் போதும். 0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ ஐஸை அதே 0 டிகிரித் தண்ணீராக்க மட்டும் 334 கிலோஜூல் வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு ஒரு லிட்டர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை சுட வைத்துவிடலாம்! ஐஸில் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்தபடி ஒழுங்காக அடுக்கி நிற்கின்றன. அந்தப் பிடிகளைத் தளர்த்தவே வெப்பம் முழுவதும் செலவாகிறது. அதனால் கடைசித் துண்டு உருகும்வரை பாட்டிலின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதைக் கண்டறிந்தார். பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்து மறந்தது இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் 30 வாட் அளவில் வெப்பம் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 108 கிலோஜூல். ஒரு லிட்டர் ஐஸ் அதை மூன்று மணி நேரம் விழுங்கும். நான்கு லிட்டர் பன்னிரண்டு மணி நேரம். அவ்வளவு ஐஸையும் முதலில் உறையவைக்க ஆகும் மின்சாரம் அரை யூனிட்டுக்குள்தான். உறைந்தபின் அது சும்மா இருக்கும். கூடுதல் செலவு கிடையாது. கடைசியில் உருகுவதும் குடிநீர்தான். வெள்ளத்தில் மோட்டார் ஓடாமல், கேன் தண்ணீரும் வராத நாளில் அதன் அருமை தெரியும்.

உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். ஆகவே பாட்டிலின் கழுத்துக்குக் கீழேயே நிறுத்திவிடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். நான்கையும் ஒரே இரவில் திணிக்காமல், நாளைக்கு ஒன்றாக வைத்தால் சின்ன ஃப்ரீசர் திணறாது.

குளிர்காற்று கனமானது, கீழே இறங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் மேலே இருப்பதால் ஐஸ் அங்கேயே இருந்து வேலை செய்யும். இரட்டைக் கதவு வகையில் மேலிருந்து கீழே குளிரைத் தள்ளுவது ஒரு மின்விசிறி. கரண்ட் இல்லாவிட்டால் அதுவும் நின்றுபோகும். அப்போது இரண்டு பாட்டிலை எடுத்துக் கீழ்ப் பகுதியின் மேல்தட்டில், பாலுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும்.

கதவைத் திறக்காதே என்று அம்மா அதட்டுவதில் நியாயம் உண்டு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் உள்ளே போய்த் துளிகளாகப் படியும்போது விடுகிற வெப்பம், சூடான காற்று தன்னோடு கொண்டுவரும் வெப்பத்தைவிடக் கூடுதல். உள்ளே உள்ள காற்று முழுவதும் மாறும்படி பத்து முறை திறந்தால், கிட்டத்தட்ட கால் லிட்டர் ஐஸ் வீண். மண்பானைக்குள் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பானை குளிர்வது நீர் ஆவியாவதால்; புயல் மழையில் காற்றே நனைந்திருக்கும்போது ஆவியாவது அரிது. சித்திரை வெயிலில் கைகொடுக்கும் பானை கார்த்திகையில் கைவிரித்துவிடும்.

சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இன்சுலினைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், உறைந்தால் பயனற்றுப்போகும். துணியில் சுற்றி டப்பாவில் போட்டு, ஐஸ் பாட்டிலைத் தொடாத தட்டில் வையுங்கள்.

எதைத் தூக்கிப் போடுவது என்பதில் சிக்கன மனம் தடுமாறும். எனக்கும் மனசு வராது. ஆனால் 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிக் கிடந்த மீன், கறி, பழைய சாம்பார், சமைத்த சோறு வேண்டாம். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு. சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு கொதிநிலையிலும் அழியாது. கிருமி செத்தாலும் வாந்தி நிற்காது.

கரண்ட் வந்ததும் உடனே ஃப்ரிட்ஜைப் போட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டு வரும்போது கம்ப்ரஸரின் ஒரு பக்கம் அழுத்தம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். மெல்லிய குழாய் வழியாக இரண்டும் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஓடச் சொன்னால் மோட்டார் திணறிச் சூடேறும். ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போக நேர்ந்தால், ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீரைப் படுத்த நிலையில் உறையவைத்து, பிறகு நிமிர்த்தி வைத்துவிட்டுப் போங்கள். ஐஸ் பாட்டிலின் ஒரு பக்கச் சுவரில் ஒட்டி நிற்கும். திரும்பி வரும்போது கரண்ட் இருக்கலாம், ஃப்ரீசரில் எல்லாம் கல்லாக உறைந்திருக்கலாம். ஆனால் அந்த ஐஸ் பக்கச் சுவரை விட்டு அடியில் தட்டையாக உறைந்திருந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாமே உருகி மறுபடி உறைந்திருக்கிறது. ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போன மீனைச் சமைக்காதீர்கள்.