சிவப்பு தெரியாத கண்ணாடித் தகடு

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ பழங்குடி மக்களை 1870களில் எடுத்த படங்களில் முகங்கள் கன்னங்கரேலென்று இருக்கும். கண்ணோரச் சுருக்கமெல்லாம் கத்தியால் கீறிய மாதிரி ஆழமாகத் தெரியும். பாலைவன வெயில்தான் காரணம் என்று நினைப்போம். வெயிலுக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு கேமராவுக்குள் இருந்த, படம் பதியும் கண்ணாடித் தகட்டுக்கு.

1873-இல் அமெரிக்க ராணுவத்தின் நில அளவைக் குழுவோடு போன டிமோதி ஓ'சலிவன், டிஃபயன்ஸ் கோட்டை அருகே நவஹோ குடும்பத்தினரைத் தறியோடு படம் எடுத்தார். அவர் கையாண்டது ஈரத்தகடு முறை. ஈதரும் ஆல்கஹாலும் கலந்து, அதில் நைட்ரோ செல்லுலோஸைக் கரைத்தால் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் கிடைக்கும். அதோடு அயோடைடு உப்பைச் சேர்த்துக் கண்ணாடியில் ஊற்றிப் பரப்பி, இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்குவார்கள். தகட்டில் வெள்ளி அயோடைடு படியும். அது காய்வதற்குள் படம் எடுத்து, கழுவியும் முடித்தாக வேண்டும். அந்த வறண்ட காற்றில் ஈதர் எவ்வளவு வேகமாகப் பறந்திருக்கும்!

சரி, முகம் ஏன் கறுத்தது? வெள்ளி அயோடைடு படிகத்திலிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கிளப்பிவிட, ஒளித்துகளுக்குக் குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். புற ஊதாவுக்கும் ஊதாவுக்கும் நீலத்துக்கும் அது உண்டு. சிவப்புக்குக் கிடையாது. எத்தனை நிமிடம் காட்டினாலும் சிவப்பு ஒளி தகட்டில் பதியாது. பழுப்புத் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி நீலத்தையும் புற ஊதாவையும்தான் அதிகம் விழுங்குகிறது. நம் கண்ணுக்கு வந்து சேரும் சிவப்பும் மஞ்சளும் தகட்டுக்குத் தெரியாது. ஆக, முகம் இருந்ததைவிடக் கறுப்பாகப் பதிந்தது. மெலனின் திட்டுத் திட்டாக இருக்கும் இடங்கள் இன்னும் கறுத்தன.

நவஹோ நெசவுக்கு நடந்ததுதான் எனக்கு இதைவிட வருத்தம். அந்தப் போர்வைகளில் காச்சினீல் பூச்சிச் சாயமேறிய சிவப்புப் பட்டைகளும் அவுரி நீலப் பட்டைகளும் அடுத்தடுத்து வரும். படத்தில் சிவப்பு கறுப்பாகிவிடும், நீலம் வெளுத்துவிடும். கழுத்தில் தொங்கும் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் மணிகள் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். நெய்தவர் யோசித்து வைத்த நிறப்பொருத்தம் அங்கே தலைகீழ்.

இதற்கு மருந்து அதே 1873-இல் ஜெர்மனியில் கிடைத்தது. சாயம் கலந்தால் தகடு மற்ற நிறங்களையும் உணரும் என்று ஹெர்மன் ஃபோகல் கண்டுபிடித்தார். ஆனால் எல்லா நிறங்களையும் உணரும் தகடு கடைக்கு வர 1906 ஆகிவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் வந்த, டாம் டார்லினோ என்ற நவஹோ மாணவரின் இரண்டு படங்கள் பிரபலம். பழங்குடிப் பிள்ளைகளை வெள்ளையர் பாணிக்கு மாற்றுவதற்காக நடந்த பென்சில்வேனியாவின் கார்லைல் விடுதிப் பள்ளிக்கு 1882-இல் வந்தபோது நீண்ட முடி, காதணி, கறுத்த முகம். 1885-இல் கிராப்பு, கோட்டு, வெளுத்த முகம். "பார், எப்படி மாற்றிவிட்டோம்" என்று பள்ளி இந்த ஜோடியை விளம்பரமாக்கியது. முடியும் உடையும் பள்ளியின் கைவேலைதான், சந்தேகமே இல்லை. நிறம் அப்படியில்லை. நீலத்தை மட்டும் பிடிக்கும் தகட்டில் விளக்கமைப்பையோ ஒளி காட்டும் நேரத்தையோ கொஞ்சம் மாற்றினாலே ஒரே ஆள் இரண்டு நிறத்தில் பதிவார். அந்தப் படங்களை மட்டும் வைத்து அவருடைய நிறம் மாறியதாக யாரும் நிரூபிக்க முடியாது.