பிரேக் பம்ப்பைக் கொன்றது யார்?

நார்வேயில் இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. 1980களின் கடைசியில் வந்த ஐரோப்பிய கார் ஒன்றை ஆசையாக வைத்து ஓட்டுகிறார். சில மாதங்களாகவே, பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பானெட்டுக்குள் இருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். போன வாரம் சத்தம் நின்றுபோனது. கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தன, பெடல் கல்லாக இறுகிவிட்டது. "பட்டறையில் எலெக்ட்ரிக் பம்ப் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். மூன்று வருடம் முன்புதான் இதே பம்ப்பை மாற்றினேன். ஏன் திரும்பவும் போகிறது?"

விடைக்கான துப்பு அவர் கேள்வியிலேயே இருக்கிறது. பம்ப் நின்றதை விட்டுவிடுங்கள். அதற்கு முன்பு சில மாதங்கள் அது ஓயாமல் ஓடியதே, அங்கேதான் விஷயம்.

சாதாரண கார்களில் பிரேக்குக்கு பலம் கொடுப்பது வளிமண்டலம். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை ஒரு பெரிய டப்பாவுக்குள் விட்டு, அதன் சவ்வின் மறுபக்கம் வெளிக்காற்றை அழுத்த விடுகிறார்கள். 25 செ.மீ. விட்டமுள்ள சவ்வில் சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ என்றாலே சுமார் 340 கிலோ ஆயிற்று. அப்புறம் பாஸ்கல் விதி: ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களுக்குப் போய்ச் சேரும். பள்ளியில் படித்ததுதான், தாண்டிப் போவோம்.

ஏபிஎஸ் வந்த காலத்தில் ஜெர்மனியின் டெவிஸ் நிறுவனம் வேறு வழியில் யோசித்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்க, பிரேக் அழுத்தத்தை விநாடிக்குப் பல தடவை விட்டு விட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு எப்படியும் ஒரு மின்சார பம்ப் தேவை. பம்ப் இருக்கும்போது வெற்றிட டப்பா எதற்கு? அதைத் தூக்கிவிட்டு பூஸ்டர் (கால் பலத்தைக் கூட்டுவது), மாஸ்டர் சிலிண்டர் (மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுவது), பம்ப், ஏபிஎஸ் வால்வுகள் எல்லாவற்றையும் ஒரே கட்டியாக்கினார்கள். அதுதான் டெவிஸ் மார்க் 2. 1985இல் ஃபோர்டு ஸ்கார்பியோ எல்லா மாடலிலும் ஏபிஎஸ்ஸோடு வந்தது இதன் புண்ணியத்தில்தான். அமெரிக்காவில் லிங்கன் மார்க் 7, ஐரோப்பாவில் சாப் 9000, ஃபோக்ஸ்வாகன் கொர்ராடோ என்று பல வண்டிகளில் இது ஏறியது. நம் வாசகரின் வண்டியிலும் இதுதான் இருக்க வேண்டும்.

இதில் பம்ப் நேராகச் சக்கரத்துக்கு ஆயில் அனுப்புவதில்லை. கையளவு இரும்பு உருண்டை ஒன்றில் ஆயிலை அழுத்திச் சேர்த்து வைக்கிறது. அக்குமுலேட்டர் என்பது அதன் பெயர். பெடலை மிதித்தால் சேமிப்பிலிருந்து ஆயில் பாயும். உருண்டையில் அழுத்தம் 140 பாருக்கு இறங்கினால் பிரஷர் சுவிட்ச் பம்ப்பை ஓட விடும், 180 பாரில் நிறுத்தும். 105க்குக் கீழே போனால் எச்சரிக்கை விளக்கு எரியும். உங்கள் கார் டயரில் இருப்பது 2.2 பார்தான் என்பதை நினைத்தால், 180 எவ்வளவு பெரிய அழுத்தம் என்பது புரியும்.

எனக்கு இந்த உருண்டை மேல் தனிக் காதல். மோட்டார் இல்லை, மின்கம்பி இல்லை, அசையும் பாகம் என்று பார்த்தால் ஒரு ரப்பர் சவ்வு மட்டும்தான். ஆனால் முழு பிரேக்கின் உயிரும் இதற்குள் இருக்கிறது.

திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது. ஆகவே வெறும் ஆயிலை மட்டும் ஓர் இரும்புக் கூட்டில் அடைத்து 180 பார் ஏற்றினாலும் அதில் சேமிப்பு என்று எதுவும் இருக்காது. ஒரு சொட்டு வெளியே போனாலே அழுத்தம் சடாரென்று விழுந்துவிடும். சுருங்கி விரிகிற ஏதாவது ஒன்று உள்ளே வேண்டும். அதற்காக சவ்வின் ஒரு பக்கம் சுமார் 80 பாரில் நைட்ரஜனை அடைத்துச் சீல் வைத்துவிடுகிறார்கள். மறுபக்கம் ஆயில். சாதாரண காற்றை அடைத்தால் அதிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் ரப்பரையும் இரும்பையும் அரிக்கும். நைட்ரஜன் வம்புதும்புக்குப் போகாத வாயு. 1955இல் வந்த சித்ரோயன் டிஎஸ் காரின் உருண்டைகளிலும் இதே நைட்ரஜன்தான்.

இப்போது பாயில் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கினால் வருவது மாறாது. உருண்டையின் கொள்ளளவு 100 பங்கு என்று வைப்போம். 80 பார், 100 பங்கு, பெருக்கினால் 8000. அழுத்தம் 140 ஆகும்போது நைட்ரஜன் 57 பங்குக்குச் சுருங்கும். 180இல் 44. இடைப்பட்ட 13 பங்குதான், பம்ப் ஓய்வில் இருக்கும்போது நீங்கள் செலவழிக்கக்கூடிய ஆயில்.

வருடங்கள் ஓட ஓட நைட்ரஜன் மூலக்கூறுகள் ரப்பர் வழியாக மெல்லக் கசிந்து ஆயிலில் கரைந்து போய்விடும். தடுக்க முடியாது. டயரில் காற்று குறைவதும் இப்படித்தான். 80 பார் 20 ஆகிவிட்டது என்று வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுவோம். பெருக்குத்தொகை 2000. 140இல் 14 பங்கு, 180இல் 11 பங்கு. கையிருப்பு 3 பங்குதான்! ஒரு மிதிக்கே காலி.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தால் அப்போதும் 180 பார் கச்சிதமாகக் காட்டும். விளக்கு எரியாது, பிரேக் நன்றாகவே பிடிக்கும். தரையில் ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. அழுத்தம் சரியாக இருக்கிறது, சேமிப்பு காணாமல் போயிருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். அந்தச் சின்னத் தொட்டியில் காற்று இறங்கிவிட்டால், குழாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மோட்டார் ஓடி ஓடி நிற்கும்.

மோட்டாருக்கு ஓடுவதைவிட ஓடத் தொடங்குவதுதான் பெரிய பாடு. சுற்றும்போது அதற்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் பிறந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். நின்ற நிலையில் அது கிடையாது, ஆகவே கிளம்பும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாயும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகளில் பொறி பறக்கும், சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேயும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை கிளம்ப வேண்டிய மோட்டார் மிதிக்கு ஒருமுறை கிளம்பினால் எத்தனை நாள் தாங்கும்? நம் வாசகர் பம்ப்பை மாற்றினார், பழைய உருண்டையை அப்படியே விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். புதுப் பம்ப்பையும் அதே உருண்டை தின்றுவிட்டது.

குளிரும் சேர்ந்து படுத்தும். 20 டிகிரியில் 80 பாராக இருக்கும் நைட்ரஜன், மைனஸ் 20இல் 69 பாருக்கு இறங்கிவிடும். பாதி செத்த உருண்டை நார்வே குளிர்காலத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

சரி, வண்டி இப்போது நின்றுவிட்டது. எங்கிருந்து பார்ப்பது? சாவியை ஆன் செய்து காதைக் கொடுங்கள். பம்ப் ஓடவில்லையா? ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், எர்த், மோட்டார், இந்த ஐந்தில் ஒன்று. இங்கே பலர் ஏமாறும் இடம் மல்டிமீட்டர். கனெக்டரைப் பிடுங்கிவிட்டு அளந்தால் கருகிப்போன ரிலே வழியாகக்கூட 12 வோல்ட் அழகாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றுமே இல்லை. கனெக்டரை மாட்டியபடியே, மோட்டாருக்கு மின்சாரம் போகும் நேரத்தில் அளக்க வேண்டும். அப்போது 6, 7 வோல்ட்டுக்கு விழுந்தால் குற்றவாளி ரிலே, வயர் அல்லது எர்த். 12க்குப் பக்கத்தில் நின்றும் மோட்டார் அசையவில்லையா? ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டார் கூட்டில் லேசாகத் தட்டுங்கள். சட்டென்று உயிர் வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

பம்ப் ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது என்றால் ஆயில் அளவையும், டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸையும் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள், மோட்டார் வெந்துவிடும். பெடலைத் தொடாமலே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஓடினால் உள்ளே ஏதோ வால்வு கசிகிறது. ஓடி நின்ற பிறகு நன்றாக மிதித்து எண்ணிப் பாருங்கள். குறைந்தது மூன்று நான்கு மிதியாவது தாங்காமல் உடனே திரும்ப ஓடினால், உருண்டை.

வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதை நான் கேலி செய்வதில்லை. செலவு ஒரு பழம்தான். அளந்து பார்க்காமல் 'இதை மாற்றிப் பார்ப்போம்' என்று பாகம் பாகமாக மாற்றுகிறார்களே, அதுதான் என் பார்வையில் விலை அதிகமான மூடநம்பிக்கை.

விளக்கு எரியும் வண்டியை மெதுவாக ஓட்டியே பட்டறைக்குப் போய்விடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இந்த அமைப்பில் பின் சக்கரங்களுக்குப் போவது நேராக உருண்டையின் அழுத்தம். அது போனால் பின் பிரேக் சுத்தமாகக் கிடையாது. முன் பிரேக் மட்டும், அதுவும் உங்கள் கால் பலத்தில். இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

வாசகருக்கு: முதலில் உருண்டையை மாற்றுங்கள். பம்ப் மோட்டாரைப் பிரித்து பிரஷ் போடத் தெரிந்தவர் கிடைத்தால் பம்ப் செலவே மிச்சமாகலாம். ரிலேயையும் கையோடு மாற்றிவிடுங்கள். கழற்றும் முன் சாவியை ஆஃப் செய்து, பெடல் கல்லாகும்வரை ஒரு 25 தடவை மிதித்து அழுத்தத்தை இறக்க வேண்டும். 180 பாரில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். கழற்றிய உருண்டைக்குள் மிச்ச நைட்ரஜன் அழுத்தத்தோடு இருக்கலாம், அதனால் அதை அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது.